கவிழ்ந்த கிண்ணத்தின் கொள்ளளவு

பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் ஒரு கிண்ணம் இருபத்திரண்டு ஆண்டுகளாக, வெறுமையைக் காட்டிலும் குறைவான கொள்ளளவோடு இருந்து வந்தது. அதைக் குறித்து எவரும் முறையிட்டதில்லை. முறையிடுவதென்றால் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பது கணிதத் துறையின் வழக்கமன்று.

கிண்ணம் என்பது பேச்சு வசதிக்காகச் சொல்வது. பலமாறி நுண்கணித வினாத்தாளில் அது, தளத்தின் மேல் கவிழ்ந்து நிற்கும் ஒரு பரவளையத் திண்மம். உயரம் நான்கு அலகு. வாயின் ஆரம் இரண்டு அலகு. அதன் கன அளவை இரட்டைத் தொகையீட்டின் வாயிலாகக் காண்க, பத்து மதிப்பெண். ஆண்டுதோறும் பதினேழாம் கேள்வி அதுவே. ஆண்டுதோறும் விடை மைனஸ் எட்டு பை.

எட்டு பை என்று மைனஸ் இல்லாமல் எழுதியவர், துறையின் வரலாற்றில் ஒருவரே. அவர் மாணவர் என்று சொல்லத் தக்க வயதினர் அல்லர். எடை அளவைத் துறையில் டேங்கர் லாரிகளை அளந்து முத்திரையிடும் அளவையாளர், வயது நாற்பத்தேழு. பத்தொன்பது ஆண்டுகளாகக் காலை எட்டு மணிக்கு லாரியின் மேல் ஏறி, முத்திரை பெற்ற அளவுக் கலத்தால் தண்ணீரை ஊற்றி, அளவுக் கம்பியில் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கோடு கீறுவது அவர் வேலை. பால் லாரி, எண்ணெய் லாரி, அமில லாரி என எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருக்கிறார். தண்ணீர் ஊற்ற ஊற்றக் கம்பியில் மட்டம் தாழ்ந்துகொண்டே போன லாரி ஒன்றையும் அவர் கண்டதில்லை.

அவருடைய அதிகாரி அந்த ஆண்டு இறுதியில் ஓய்வு பெறவிருந்தார். அந்த நாற்காலியில் அமரப் பட்டம் வேண்டும். பட்டத்துக்காக அளவையாளர் மாலைநேர வகுப்பில் சேர்ந்து, இருபத்து மூன்று தாள்களில் தேறிவிட்டார். எஞ்சியது பலமாறி நுண்கணிதம் ஒன்று. பதவி உயர்வுப் பட்டியல் ஆண்டின் கடைசி வேலை நாளன்று மாலை நான்கு மணிக்கு மூடப்படும். இந்த முறை தவறினால் அடுத்த நாற்காலி காலியாவதற்குள் அவரே வீட்டு நாற்காலிக்குப் போய்விடுவார்.

தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். வந்தது நாற்பத்து மூன்று. பதினேழாம் கேள்விக்குப் பூஜ்யம்.

வகுப்பில் நடந்தவற்றை அளவையாளர் முழுவதும் புரிந்துகொண்டார் என்று சொல்ல இயலாது. புரிந்துகொள்வதற்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. துறைத் தலைவர் மாலை ஆறு மணிக்கு வருவார். பழுத்த தாள்களை விரிப்பார். "எல்லையில் பிரதியிட, காற்புள்ளி, நாம் பெறுவது, அடுத்த வரி" என்று நிறுத்தக்குறிகளோடு படிப்பார். எழுபது பேர் எழுதுவார்கள். ஒருமுறை ஒரு பெண் எழுந்து, ஏன் என்று கேட்டாள். "அது அடுத்த பருவத்துல வரும்" என்றார். அடுத்த பருவத்தில் அவள் மறவாமல் கேட்டாள். "அது போன பருவத்துப் பாடமாச்சே" என்றார்.

பல மாறிகளுள் ஒன்றை மட்டும் மாறவிட்டு, மற்றவற்றை மாறிலிகளாகக் கொள்வது பகுதி வகையிடல் எனப்படும். இந்த ஒரு கருத்தைத் துறை முழுமையாக உள்வாங்கியிருந்தது. மாணவர் மாறலாம், மற்ற யாவும் மாறிலி.

அளவையாளர் தம் விடைத்தாளைப் பார்க்க விண்ணப்பித்தார். தேர்வுப் பிரிவின் கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் மூன்று படிவங்களில் முத்திரை குத்தி, விடைத்தாளை மேசைமேல் வைத்தார்.

"பத்து நிமிஷம் சார். பாக்கலாம், தொடக் கூடாது."

"தொடாம பக்கத்தை எப்படிங்க புரட்டுறது?"

"புரட்டுறதுக்குன்னு ஒருத்தர் இருக்காரு. இன்னைக்கு லீவு."

பத்து நிமிடமும் அளவையாளர் முதல் பக்கத்தைப் பார்த்தார். அதில் அவருடைய பதிவெண் இருந்தது. அதில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பினார்.

மறுநாள் புரட்டுபவர் வந்திருந்தார். விரலை நனைத்து ஒவ்வொரு பக்கமாக, நிதானமாக, ஒரு மரியாதையோடு புரட்டினார். பதினேழாம் கேள்வியின் விடையருகே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: 'கழித்தல் குறி எங்கே?'

"மறந்துட்டீங்களா சார்?" என்று புரட்டுபவர் இரக்கத்தோடு கேட்டார். "நாலாயிரம் தாள் புரட்டியிருக்கேன். இந்த ஒரு இடத்துல யாருமே மறந்ததில்ல."

துறைத் தலைவரின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. சுவரில் அவருடைய நிழற்படங்களும், அலமாரியில் பூட்டும் இருந்தன. அளவையாளர் நின்றுகொண்டே பேசினார். எதிரிலிருந்த நாற்காலியில் வினாத்தாள் கட்டு அமர்ந்திருந்தது.

"சார், கன அளவு எப்படி மைனஸ்ல வரும்?"

"ஏன், வரக் கூடாதா?"

"ஒரு டேங்க்கை எடுத்துக்கிட்டா..."

"டேங்க் பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் எடுத்துக்கறீங்க?"

அளவையாளர் டேங்க்கைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பேட்டின் நகலை எடுத்தார். "இங்க பாருங்க சார். ஆரம் பூஜ்யத்துலேருந்து ரெண்டு வரைக்கும் போகணும். நோட்ஸ்ல எல்லை தலைகீழா இருக்கு. ரெண்டுலேருந்து பூஜ்யத்துக்கு வருது."

"போனா என்ன, வந்தா என்ன? நீங்க ஆபீசுக்குப் போறீங்க, வீட்டுக்கு வர்றீங்க. தூரம் மாறுதா?"

"தூரம் மாறாது சார். குறி மாறும்."

"குறி மாறினா மார்க் மாறும். மாறியிருக்கு. இதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?"

பிறகு துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழன்றால் சொற்பொழிவு வரும் என்பதைத் துறையில் கடைநிலை ஊழியர் வரை அறிவர்.

"இந்த நோட்ஸை எழுதுனப்போ எனக்கு முப்பத்தாறு வயசு. அன்னையிலேருந்து ஒரு புள்ளிகூட மாத்தல. ஏன்? மாத்தணும்னு யாரும் சொல்லல. ஏன் சொல்லல? யாரும் படிச்சுப் பாக்கல. படிச்சுப் பாக்காமலே நாலாயிரம் பேரு நம்புற அளவுக்கு ஒரு நோட்ஸ் இருக்குன்னா, அதோட தரத்தை நினைச்சுப் பாருங்க. அந்த நாலாயிரம் பேர்ல எட்டு பேரு இன்னைக்கு இங்கயே பேராசிரியருங்க. ஒருத்தன் பாலம் கட்டுறான். அத்தனை பேரும் தப்பு, லாரி மேல ஏறி நிக்கிற நீங்க சரி. அப்படித்தானே?"

"அந்தப் பாலம் எங்க இருக்கு சார்?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

வீட்டில் மனைவி தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். வாயில் இரண்டு குண்டூசிகள். கழுத்தில் அளவு நாடா. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுக் குண்டூசிகளை எடுத்தார்.

"ஏங்க, ஒரு கோடு. முன்னாடி ஒரு சின்னக் கோடு. அதைக் கேக்குறாங்க, இழுத்துட்டு வர வேண்டியதுதானே? தினமும் கம்பியில கோடு கீறுறவருக்கு இதுல என்ன வலிக்குது?"

"அது இருக்கிற கோடும்மா. இது இல்லாத கோடு."

"எனக்குப் புரியல."

"கழுத்து மைனஸ் ஏழு இஞ்ச்னு சொல்லி யாராவது துணி கொடுத்தா நீ வெட்டுவியா?"

மனைவி சற்று யோசித்தார். "பாஸ் போடுறாங்கன்னா வெட்டுவேன்" என்றார். பிறகு, "அதை மாட்டிக்கிட்டு யாரும் என் கண்ணு முன்னாடி வந்து நிக்காம பாத்துக்குவேன்" என்றார்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், பணியில் ஏழு ஆண்டு இளையவர், அதே தாளில் எழுபத்தொன்று பெற்றிருந்தார். "அண்ணே, நான் ஒரே ஒரு விஷயம் சொல்லட்டுமா? நான் அந்தக் கேள்வியைப் படிக்கவே இல்ல. பதினேழுன்னு பாத்தேன், எழுதிட்டேன். நீங்க படிச்சீங்க பாருங்க, அங்கதான் சறுக்கிடுச்சு."

அளவையாளர் படித்தவர் மட்டும் அல்லர், அளப்பவரும்கூட. எனவே குறைதீர் குழுவுக்கு மனு எழுதினார். கணக்கை நான்கு வரியில் போட்டுக் காட்டி, ஐந்தாவது வரியில், தேவையானால் நேரில் அளந்து மெய்ப்பிக்கவும் தயார் என்று சேர்த்தார். அந்த ஐந்தாவது வரியைச் சேர்த்தது, பின்னாளில் அவர் எண்ணி எண்ணி வருந்திய செயல்களுள் ஒன்று.

குழு ஏழு வாரம் கழித்துக் கூடியது. தலைவர், கணிதத் துறைத் தலைவரே. உறுப்பினர்கள், பதிவாளர், சட்ட ஆலோசகர், மொழித் துறைப் பேராசிரியர். தம்மீதான புகாரைத் தாமே விசாரிப்பது முறையன்று என்று துறைத் தலைவர் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். தலைவர் நாற்காலி காலியாக இருந்து கூட்டத்தை நடத்தியது.

அளவையாளர் தம் பணியிடத்துத் தகரப் பட்டறையில் வினாத்தாளின் திண்மத்தைச் செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். ஓர் அலகுக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஆழம் நாற்பது, வாயின் ஆரம் இருபது. வளைவு பரவளையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரும் பிசகவில்லை. அப்போது ஒரு கன அலகு ஒரு லிட்டர். எட்டு பை என்பது உண்மையானால் அதில் இருபத்தைந்து லிட்டரும் நூற்று முப்பது மில்லிலிட்டரும் பிடிக்க வேண்டும். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் பதிவாளர் கையை உயர்த்தினார்.

"தண்ணி இயற்பியல் துறையைச் சேந்தது. அவங்க ஆட்சேபம் இல்லேன்னு எழுதித் தரணும்."

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இயற்பியல் துறை எழுதித் தர முன்வந்த வேளையில், தண்ணீரின்மீது தங்களுக்கும் உரிமை உண்டென்று வேதியியல் துறை கடிதம் அனுப்பியது. இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு துணைக் குழு அமைத்து, தண்ணீரானது ஊற்றப்படும்போது இயற்பியலுக்கும், ஊற்றப்படாதபோது வேதியியலுக்கும் உரியது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆயிற்று.

மீண்டும் கூடிய அன்று அளவையாளர் கிண்ணத்தை முக்காலி வளையத்தில் வாய் மேலாக நிறுத்தினார். ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் ஐந்து முறை நிரப்பி ஊற்றினார். ஒவ்வொரு முறையும் தட்டி, குமிழி அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு சிறு குவளையில் நூற்று முப்பது மில்லிலிட்டர். தண்ணீர் விளிம்புக்கு வந்து, சற்றே மேலெழுந்து, வழியாமல் நின்றது. அரை நிமிடம் எல்லோரும் அந்த விளிம்பையே பார்த்தார்கள். மொழித் துறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "அழகா நிக்குதே" என்றார்.

அந்த அரை நிமிடத்தில் அளவையாளர் தாம் வென்றுவிட்டதாகவே நம்பினார்.

"கேள்வியைக் கொஞ்சம் படிங்க" என்றார் துறைத் தலைவர், பக்கத்து நாற்காலியிலிருந்து.

"தளத்தின் மேல் கவிழ்ந்து நிற்கும்..."

"நிறுத்துங்க. கவிழ்ந்து. இது?"

"நிமிர்ந்திருக்கு சார். நிமிர்த்தி வச்சாலும் கவிழ்த்து வச்சாலும் கொள்ளளவு ஒண்ணுதானே."

"அதை நீங்க சொல்றீங்க. கேள்வி சொல்லல. கேள்வியில உள்ளபடி வச்சுக் காட்டுங்க."

"கொட்டிடும் சார்."

"கொட்டுமா கொட்டாதான்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு வர்றது அறிவியல் இல்ல."

அளவையாளர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர், "கேள்வியில உள்ளபடி" என்று தலையசைத்தார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு சொட்டும் வீணாக்காத கைகள் கிண்ணத்தைப் பற்றித் தூக்கி, மேசைக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கவிழ்த்தன. பதிவாளர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். சட்ட ஆலோசகரின் கோப்பு ஒன்று மிதந்து கதவுவரை போயிற்று.

"இப்ப உள்ள எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"தரையில?"

"இருபத்தஞ்சு லிட்டர், நூத்திமுப்பது மில்லி."

"அதாவது, இந்தக் கிண்ணம் தண்ணியை வாங்கல. கொடுத்திருக்கு. வாங்கினா பிளஸ், கொடுத்தா மைனஸ். எட்டு பையைக் குறியோட சேத்து நீங்களே நிரூபிச்சுட்டீங்க. துறை சார்பா நன்றி."

மொழித் துறைப் பேராசிரியர் தம்மை மறந்து கைதட்டினார். அளவையாளர் தரையைத் துடைத்து முடிக்கும்வரை குழு, கால்களைத் தூக்கியபடியே, தீர்மானத்தை எழுதியது: 'மனுதாரர் தம் சொந்த முயற்சியால் விடைக்குறிப்பு சரியென நிறுவியதால், குறை தீர்ந்ததாகக் கருதி மனு முடித்து வைக்கப்படுகிறது.'

ஆண்டு முடிய இரண்டு மாதங்கள் இருந்தன. நடுவில் ஒரு துணைத் தேர்வு இருந்தது. அளவையாளர் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் துறைத் தலைவரின் குறிப்பேட்டுக்குப் புதிய நகல் கேட்டார். முதல் நகலை அவர் கிழித்திருந்தார்.

கடைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே பேசினார். "முதல் தடவை புத்தகம் வச்சுப் படிச்சீங்களா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. புத்தகம் படிச்சவங்க எல்லாரும் ரெண்டாவது தடவை இங்க வருவாங்க சார்." பதினேழாம் விடை இருந்த பக்கம் எந்திரத்திலிருந்து வந்ததும் பேனாவை எடுத்து அதில் ஒரு கோடு இழுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"மைனஸ். நகலுக்கு நகல் எடுத்துத் தேஞ்சு போச்சு, மெஷின்ல விழல. இருபது வருஷமா நான்தான் கையால போட்டுத் தர்றேன். நான் பத்தாவதோட நின்னவன். ஆனா இந்த ஊருல பாஸான ஒவ்வொருத்தனுக்கும் மைனஸ் போட்டது நான்தான்."

அளவையாளர் மனப்பாடம் செய்தார். மனப்பாடம் எளிதாக இருந்தது, கைதான் ஒத்துழைக்கவில்லை. விடைக்கு வரும்போது பேனா தானாகவே நேரே எட்டுக்குத் தாவியது. மாலைதோறும் முப்பது முறை எழுதிப் பழகினார். துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி ஏறெடுத்துப் பார்ப்பார். கோட்டை இழுத்துவிட்டு வரச் சொன்னவர் அவர்தான் என்றாலும், அந்த நாட்களில் கணவர் எதிரே அமர்ந்தால் கத்தரிக்கோலை மெதுவாக வைத்தார்.

தேர்வன்று பதினேழாம் கேள்வி அங்கேயே இருந்தது. அளவையாளர் எல்லைகளைத் தலைகீழாக எழுதினார். கழித்தல் குறியை அழுத்தி, நீளமாக, எவர் கண்ணுக்கும் தப்பாதபடி இட்டார். வெளியே வந்ததும் குழாயடியில் கையைக் கழுவினார். கையில் மை எதுவும் இல்லை.

முடிவு வந்தது. நாற்பத்து மூன்று.

எழுத்தர் விடைத்தாளை வைத்தார், புரட்டுபவர் புரட்டினார். பதினேழாம் விடையருகே அதே சிவப்பு மை, அதே கையெழுத்து: 'கழித்தல் குறி ஏன்?'

அன்று மாலையே வீட்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. இரண்டுக்கும் இருந்த தொடர்பை அளவையாளர் கடிதத்தை மூன்று முறை படித்துத்தான் விளங்கிக்கொண்டார். துணைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, பல்கலைக்கழகத்தின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அக்குழு நிரப்பச் சொன்ன படிவத்தில், 'தொழில்துறை நிபுணரின் ஆலோசனையால் பாடத்தில் செய்யப்பட்ட மாற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் எழுதத் துறையிடம் எதுவும் இல்லை. துறைத் தலைவர் பழைய கோப்புகளைத் தேடினார். ஈரத்தில் உப்பியிருந்த மனு ஒன்று கிடைத்தது. ஒரே நாளில் விடைக்குறிப்பு பிளஸ் எட்டு பை ஆயிற்று. குறைதீர் மனு ஆலோசனை ஆயிற்று. மனுதாரர் நிபுணர் ஆனார். தேர்வு எழுதவிருந்தவர்களுக்கு அதைத் தெரிவிக்குமாறு எந்தக் கட்டமும் கேட்கவில்லை. எனவே தெரிவிக்கப்படவில்லை.

பாராட்டு விழாவில் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பேசினார். "இருபத்திரண்டு வருஷமா இந்தத் தப்பை நான் பாதுகாத்து வந்தேன். எதுக்காக? என்னைக்காவது ஒரு மாணவன் எழுந்து, 'சார், இது தப்பு'ன்னு சொல்வான்னு காத்திருந்தேன். கேள்வி கேக்குற மாணவனை உருவாக்கறதுதான் இந்தத் துறையோட லட்சியம். இதோ, உருவாக்கிட்டோம்." சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று அளவையாளரின் கையில் தரப்பட்டது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்த மனைவி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கும் வழியில் அளவையாளர் துறைத் தலைவரை நிறுத்தினார்.

"சார், பிளஸ்தான் சரின்னு ஆயிடுச்சு. அப்ப முதல் தடவை நான் எழுதினது சரிதானே? அந்தப் பத்து மார்க்கைப் போட்டா நான் பாஸ்."

"அது எப்படி? அன்னைக்கு மைனஸ்தான் சரி. இன்னைக்குத்தான் பிளஸ். ரெண்டு தடவையும் நீங்க சரியான விடையைத் தப்பான தேதியில எழுதியிருக்கீங்க. கணிதத்துல நேரம்கூட ஒரு மாறிதான், மறந்துடாதீங்க."

"மாத்தினதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"நிபுணர் நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மறுமதிப்பீடு ஒன்றே வழி என்று தேர்வுப் பிரிவில் சொன்னார்கள். எழுத்தர் நல்ல மனிதர். விதிகளை அவர் வகுக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து தாழ்ந்த குரலில் விளக்கினார்.

"முதல் தேர்வுக்கு மனு போடுற காலம் தாண்டிடுச்சு சார். ரெண்டாவதுக்குத்தான் போட முடியும். அதுல நீங்க மைனஸ் எழுதியிருக்கீங்க. அதனால மைனஸ்தான் சரின்னு காரணத்தோட எழுதணும்."

"மைனஸ் தப்புன்னு ஊருக்கே சொன்னவன் நான்."

"ஆமா சார், சான்றிதழ் வாங்கினதைப் பாத்தேன். வாழ்த்துகள். ஆனா வேற படிவம் கிடையாது."

பட்டியல் மூட ஒன்பது நாட்கள் இருந்தன. அளவையாளர் அந்தக் கம்பி ஜன்னலின் சிறு பலகையிலேயே தாளை வைத்து எழுதினார்: கிண்ணம் கவிழ்ந்திருப்பதாலும், கவிழ்ந்த கிண்ணம் நீரை வாங்காமல் கொடுப்பதாலும், அதன் கன அளவு எதிர்ம எண்ணே. சான்றாகக் குறைதீர் குழுவின் தீர்மானத்தை இணைத்தார். ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. மாலைதோறும் முப்பது முறை பழகிய கை.

ஆண்டின் கடைசி வேலை நாளன்று மாலை மூன்றரை மணிக்குத் தேர்வுப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் படியேறிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணே, நாலு மணிக்குள்ள உங்க தேர்ச்சி வரலேன்னா என் பேரை எழுதிடுவாங்களாம். எனக்கே ஒரு மாதிரி இருக்கு. வந்துடும்ல?"

"ஜன்னல்கிட்ட வந்துட்டேன்" என்றார் அளவையாளர்.

எழுத்தர் தாளை நீட்டினார். அதில் அச்சிட்ட எழுத்தில் இரண்டே வரிகள்: 'மனு நிராகரிக்கப்படுகிறது. காரணம்: கிண்ணத்தின் கன அளவு நேர்ம எண் என்னும் நிபுணர் கருத்து, மனுதாரருக்கு முற்றிலும் எதிராக உள்ளது.' கீழே நிபுணர் பெயர் என்ற கட்டத்தில் அளவையாளரின் பெயர், பிழையின்றி, முதலெழுத்தோடு இருந்தது.

அளவையாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்தது. எழுத்தர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு கையெழுத்து வேணும் சார். மேல மனுதாரரா ஒண்ணு. கீழ நிபுணரா ஒண்ணு. போட்டாத்தான் கோப்பை மூட முடியும்."

அளவையாளர் இரண்டும் இட்டார். எழுத்தர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகம் மாறிற்று.

"சார், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மனுதாரருக்கும் நிபுணருக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாதுன்னு விதி. ஆட்சேபம் வரும். ஒண்ணை மட்டும் மாத்திப் போட்டுடுங்களேன்."

வேறொரு தாள் வந்தது. அளவையாளர் நிபுணருக்கு உரிய இடத்தில் தம் வழக்கமான கையெழுத்தை இட்டார். மனுதாரருக்கு என்று புதிதாக ஒன்றை, கோணலாக, இதுவரை எழுதப் பழகாத ஒருவரின் கையெழுத்தைப் போல, மெதுவாக வரைந்தார்.

எழுத்தர் ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு" என்று முத்திரையைக் குத்தினார்.